பெயர் மாறிப் பதிவான பூஞ்சை

புது தில்லி: தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் உள்ளது வல்லபபாய் படேல் மார்பு நோய் ஆய்வு நிறுவனம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் நிதியில் இயங்குவது. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடங்கள் ஏற்கெனவே பெயரிட்டு முடித்துவிட்ட 102 ஈஸ்ட் மாதிரிகளை இதன் பூஞ்சையியல் ஆய்வாளர்கள் மீண்டும் எடுத்துப் பரிசோதித்தனர். அனைத்தும் நோயாளிகளிடமிருந்து பெறப்பட்டவை. தானியங்கிக் கருவி அவற்றுக்குச் சூட்டியிருந்த பெயர் கேண்டிடா ஹெமுலோனி அல்லது கேண்டிடா ஃபமாட்டா. மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தபோது, அவற்றுள் 90 மாதிரிகள் அவ்விரண்டில் எதுவுமல்ல என்பது தெரிந்தது. அவை அனைத்தும் கேண்டிடா ஆரிஸ்.

2015-ம் ஆண்டு வெளியான இந்த ஆய்வு முடிவை வெறும் எழுத்துப் பிழையாகக் கருதிவிட முடியாது. பூஞ்சையின் பெயரை வைத்துத்தான் மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார். எந்த நோயாளியைத் தனிமைப்படுத்த வேண்டும், எந்தக் கட்டிலை எந்த மருந்தால் துடைக்க வேண்டும் என்பதும் பெயரைப் பொருத்தே முடிவாகிறது. பெயர் தவறினால் இவை அனைத்தும் தவறுகின்றன. நாட்டில் எத்தனை பேருக்கு இந்நோய் வந்தது என்ற கணக்கும் தவறுகிறது. கணக்கில் இல்லாத நோய்க்கு நிதி ஒதுக்குமாறு எந்த அமைச்சரிடமும் கோர முடியாது.

காதில் தொடங்கிய கதை: கேண்டிடா என்பது புதிய பெயரல்ல. மனிதனின் வாயிலும் குடலிலும் தோலிலும் இயல்பாகவே வாழும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை அது. குழந்தைகளின் நாக்கில் வெண்படலமாகப் படிவதும், பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பை உண்டாக்குவதும் பெரும்பாலும் கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற இனம். உடலின் எதிர்ப்பு சக்தி குன்றும்போதோ, ரத்த நாளத்தில் செருகப்பட்ட குழாயின் வழியாகவோ இப்பூஞ்சை ரத்தத்துக்குள் நுழைந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

ஆரிஸ் என்ற இனத்தை உலகுக்கு முதலில் அறிவித்தவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். டோக்கியோவில் மருத்துவமனையில் இருந்த 70 வயது மூதாட்டி ஒருவரின் காதிலிருந்து வடிந்த நீரில் அதைக் கண்டெடுத்து, 2009-ல் புதிய இனமாகப் பெயரிட்டனர். லத்தீனில் ஆரிஸ் என்றால் காது. பின்னர் தென் கொரியாவில் சேமித்து வைக்கப்பட்டிருந்த பழைய மாதிரிகளைத் தேடியபோது, 1996-லேயே ஒரு நோயாளியின் ரத்தத்தில் அது இருந்தது தெரியவந்தது. அப்போது அதற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அடையாளமும் இல்லை.

இந்தியாவில் இதை முதலில் வெளிக்கொணர்ந்தது தில்லிதான். படேல் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி தலைமையிலான குழுவினர், 2009 முதல் 2011 வரை தலைநகரின் இரு மருத்துவமனைகளில் ரத்தத்தில் பூஞ்சைத் தொற்றுக்கு ஆளான 12 நோயாளிகளைப் பற்றி 2013-ல் கட்டுரை வெளியிட்டனர். காதில் சீழாக வந்த பூஞ்சை இங்கே ரத்தத்தில் கலந்திருந்தது. பன்னிரண்டு மாதிரிகளும் மரபணு அளவில் ஒன்றையொன்று ஒத்திருந்தன. பன்னிரண்டும் ஃபுளுகோனசோல் மருந்துக்குக் கட்டுப்படாதவையாக இருந்தன. ஒரே கிளையைச் சேர்ந்த பூஞ்சை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மருத்துவமனைகளில் இருக்கிறது என்றால், அது நகரத்தில் எவ்வளவு பரவியிருக்கும் என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

ஆரிஸின் வரலாற்றில் விஞ்ஞானிகளை மிகவும் திகைக்க வைத்த செய்தி 2016, 2017-ம் ஆண்டுகளில் வந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மற்ற நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா, வெனிசுலா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 54 நோயாளிகளின் மாதிரிகளை ஜப்பானின் முதல் மாதிரியுடன் ஒப்பிட்டது. ஓரிடத்தில் தோன்றி விமானப் பயணிகள் மூலம் உலகெங்கும் பரவியிருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் மரபணு வரிசை வேறு கதை சொன்னது. தெற்காசியா, கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா என நான்கு தனித்தனிக் கிளைகள் இருந்தன. கிளைகளுக்கு இடையே பல்லாயிரக்கணக்கான மரபணு எழுத்து மாற்றங்கள் இருந்தன. ஒரு கிளைக்குள்ளேயோ மாற்றம் மிகச் சொற்பம். அதாவது ஏறத்தாழ ஒரே காலகட்டத்தில், உலகின் வெவ்வேறு மூலைகளில், தனித்தனியாக இப்பூஞ்சை மருத்துவமனைக்குள் நுழைந்திருக்கிறது. ஈரானில் ஐந்தாவது கிளையும் சிங்கப்பூரில் ஆறாவது கிளையும் அதன்பின் கண்டறியப்பட்டுள்ளன.

அந்த 54 பேரின் மாதிரிகளில் 93 சதவீதம் ஃபுளுகோனசோலுக்குக் கட்டுப்படவில்லை. 35 சதவீதம் ஆம்ஃபோடெரிசின்-பி மருந்துக்கும், 7 சதவீதம் எக்கினோகேண்டின் வகை மருந்துகளுக்கும் கட்டுப்படவில்லை. மூன்று வகைக்குமே அடங்காதவை 4 சதவீதம். பூஞ்சை ரத்தத்தில் கலந்தால் கொடுப்பதற்கு மருத்துவரிடம் உள்ள முக்கிய மருந்து வகைகள் இந்த மூன்றுதான் என்பதை நினைவில் கொண்டால் இந்த 4 சதவீதத்தின் பொருள் விளங்கும்.

கருவி ஏன் தவறியது?: மருத்துவமனைப் பரிசோதனைக் கூடங்களில் உள்ள தானியங்கிக் கருவி பூஞ்சையின் முகத்தைப் பார்ப்பதில்லை. எந்தெந்தச் சர்க்கரைகளை அது உண்கிறது, எவற்றை ஒதுக்குகிறது என்று பார்த்து, அந்த விடைகளைத் தன்னிடமுள்ள பட்டியலுடன் ஒப்பிடுகிறது. பட்டியலில் ஆரிஸ் என்ற பெயரே இல்லாத காலத்தில், அதற்கு மிக அருகில் பொருந்திய பெயரை அச்சிட்டுக் கொடுத்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவரை வாக்குச்சாவடி அதிகாரி திருப்பி அனுப்புவார். இந்தக் கருவியோ அவரைப் பக்கத்து வீட்டுக்காரராகக் கருதி உள்ளே அனுமதித்துவிட்டது. ஹெமுலோனி, ஃபமாட்டா, சாகே என ஆரிஸ் பெற்ற மாற்றுப் பெயர்கள் பல. சில நாடுகளில் ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட்டாகக்கூட அது அடையாளம் காணப்பட்டது.

பெயரில் மட்டுமன்று, மருந்து பற்றிய முடிவிலும் கருவி இடறியது. ஆம்ஃபோடெரிசின்-பி மருந்துக்கு இப்பூஞ்சை உண்மையில் உள்ளதைவிட அதிக எதிர்ப்பைக் காட்டுவதாக அதே 2015-ம் ஆண்டு ஆய்வில் கருவி கணக்குக் காட்டியது தெரியவந்தது. பலனளிக்கக்கூடிய மருந்தைப் பலனளிக்காது என்று ஒதுக்கும் நிலை இதனால் ஏற்படலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவருக்கு இரண்டு தவறுகளும் ஒரே அளவு ஆபத்தானவை.

சரியான அடையாளம் காண இன்று இரண்டு நம்பகமான வழிகள் உள்ளன. பூஞ்சையின் புரதங்களை லேசர் ஒளியால் சிதறடித்து அவற்றின் எடைக் கோலத்தை அளக்கும் மால்டி-டாஃப் என்ற கருவி சில நிமிடங்களில் விடை தரும். ஆனால் அதன் தரவுத் தொகுப்பில் ஆரிஸின் கோலம் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தொகுப்பைச் செழுமைப்படுத்தும் பணியில் சண்டீகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. மற்றொரு வழி மரபணு வரிசையைப் படிப்பது. இரண்டுமே விலை உயர்ந்தவை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் பலவற்றுக்கு எட்டாதவை.

எட்டும் வழிகளும் இல்லாமல் இல்லை. ஆரிஸ் 42 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் வளரும்; அதன் நெருங்கிய உறவினரான ஹெமுலோனி அந்த வெப்பத்தில் பொதுவாக வளராது. இந்த ஒரு வேறுபாட்டைப் பயன்படுத்தி, நிறம் காட்டும் ஊடகத்துடன் சூரியகாந்தி விதைச் சாறு கலந்த ஊடகத்தைச் சேர்த்து இரண்டையும் பிரித்தறியும் எளிய முறை ஒன்றைக் கேரள ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்டனர். வெப்பத்தைச் சரியாகப் பேணும் அடைகாப்புப் பெட்டியும், சந்தேகப்படத் தெரிந்த ஒரு நுண்ணுயிரியலாளரும் இருந்தால் போதும். கருவி ஹெமுலோனி என்று அச்சிட்டால் அதை அப்படியே நம்பாமல் மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்ற ஒற்றை விதியை எல்லா மருத்துவமனைகளும் பின்பற்றினாலே பாதிக் கிணறு தாண்டியதாகும்.

எது இதைக் கொடியதாக்குகிறது?: ஆல்பிகன்ஸ் இனம் திசுக்களைத் துளைக்க இழை போன்ற வடிவத்தை எடுக்கும். அதுவே அதன் முக்கிய ஆயுதம். ஆரிஸ் பொதுவாக அப்படி இழை விடுவதில்லை. ஆகவே பாடநூல் அளவுகோலின்படி அது சாதுவான பூஞ்சை என்றே மதிப்பிடப்பட வேண்டும். அதன் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. ஒட்டிக்கொள்வதிலும் காத்திருப்பதிலும்.

ஆல்பிகன்ஸ் பெரும்பாலும் நோயாளியின் சொந்தக் குடலிலிருந்தே அவரது ரத்தத்துக்குள் நுழைகிறது. ஆரிஸ் தோலில் குடியேறுகிறது. அக்குளும் தொடையிடுக்கும் அதற்கு உகந்த இடங்கள். உப்பைத் தாங்கும் தன்மை அதற்கு உண்டு என்பதால் வியர்வை அதற்கு இடைஞ்சல் அல்ல. வியர்வையை ஒத்த திரவத்தை ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, அதில் இரு இனங்களையும் வளர்த்துப் பார்த்தனர் அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வாளர்கள். ஆல்பிகன்ஸைவிட ஆரிஸ் மிக அடர்த்தியான படலமாக வளர்ந்தது. தோலில் குடியேறிய பூஞ்சையால் அந்த நபருக்கு எந்தத் தொந்தரவும் தோன்றாது. மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அவரிடமிருந்து உதிரும் தோல் செதில்களுடன் அது கட்டில் கம்பிக்கும் விரிப்புக்கும் ரத்த அழுத்தமானியின் பட்டைக்கும் செல்கிறது.

பிளாஸ்டிக் பரப்பில் இரண்டு வாரங்களுக்கு மேலும் அது உயிருடன் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு 2023-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விடை கண்டனர். ஆரிஸின் மேற்பரப்பில் எஸ்சிஎஃப்-1 என்ற தனித்தன்மை வாய்ந்த புரதம் உள்ளது. மற்ற ஈஸ்ட்டுகள் நீரை வெறுக்கும் பசை போன்ற பிணைப்பால் ஒட்டுகின்றன. இந்தப் புரதமோ மின்னேற்றத்தால் பற்றிக்கொள்கிறது. ஈரமான பரப்பிலும் பிடி தளராமல் இருக்கக் கடல் சிப்பிகள் கையாளும் உத்தியும் ஏறக்குறைய இதுவே.

மருத்துவமனைகளில் தரையையும் கட்டிலையும் துடைக்கப் பரவலாகப் பயன்படும் குவாட்டர்னரி அம்மோனியம் வகைக் கிருமிநாசினிகள் இதன்முன் வலுவிழக்கின்றன. குளோரின் கலந்த கரைசலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேலை செய்கின்றன. இங்கேதான் பெயரின் முக்கியத்துவம் மீண்டும் வருகிறது. ஹெமுலோனி என்று எழுதப்பட்ட நோயாளியின் கட்டிலை யாரும் குளோரின் கொண்டு துடைப்பதில்லை.

உடலின் காவலர்களையும் அது ஏமாற்றுகிறது. பூஞ்சையைக் கண்டால் வெள்ளையணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்கள் பாய்ந்து விழுங்கும். தம் மரபணு இழைகளையே வலையாக வீசியும் பிடிக்கும். ஆல்பிகன்ஸிடம் அவை இப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஆரிஸை எதிர்கொள்ளும்போது பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகின்றன என்று 2018-ல் வெளியான ஆய்வு காட்டுகிறது.

மருந்துகள் தோற்பதற்குக் காரணம் பூஞ்சையின் மரபணுவில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்கள். ஃபுளுகோனசோல் பூஞ்சையின் உறைக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்ற பொருளின் தயாரிப்பைத் தடுக்கிறது. அதைத் தயாரிக்கும் நொதியின் மரபணுவில் ஓரெழுத்து மாறினாலே மருந்து சென்று பொருந்தும் இடம் உருமாறிவிடுகிறது. அத்துடன், உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் புரதங்களையும் ஆரிஸ் மிகுதியாக உற்பத்தி செய்கிறது. செல் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும் எக்கினோகேண்டின்களுக்கு எதிராகவும் இதே போன்ற ஓரெழுத்து மாற்றம் உண்டு. பாக்டீரியாவுக்குப் பல வகை மருந்துகள் இருக்க, பூஞ்சைக்கு மட்டும் ஏன் இவ்வளவு சொற்பம் என்று கேட்கலாம். பூஞ்சையின் செல் மனித செல்லுக்கு நெருங்கிய உறவு. அதைக் கொல்லும் பெரும்பாலான நஞ்சுகள் நம்மையும் பாதிக்கும். ஆம்ஃபோடெரிசின்-பி சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பது இதனால்தான்.

ஒரு வெப்பமானியின் சாட்சி: இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் 2015 முதல் 2017 வரை 70 பேரிடம் ஆரிஸ் காணப்பட்டது. நோயாளிகளைப் பிரித்து வைத்தனர், அறையைச் சுத்தம் செய்தனர், பலனில்லை. இறுதியில் அக்குளில் வைத்து உடல் வெப்பத்தைத் தொடர்ந்து அளக்கும், மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்ட கருவியே காரணம் எனத் தெரியவந்தது. அதை அகற்றிய பிறகே பரவல் தணிந்தது. நிதி வசதியும் ஆள் பலமும் உள்ள ஒரு மருத்துவமனைக்கு இதைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கணக்கில் ஆயிற்று.

இந்தியாவுக்கு இத்தகைய பாடம் புதிதல்ல. சண்டீகர் நிறுவனத்தின் குழந்தைகள் பிரிவில் 1996 ஏப்ரல் முதல் 1998 பிப்ரவரி வரை 379 பச்சிளங் குழந்தைகளும் சிறுவர்களும் பிகியா அனோமலா என்ற, அதுவரை அதிகம் கேள்விப்படாத ஈஸ்ட்டின் தொற்றுக்கு ஆளாயினர். பணியாளர்களின் கைகளே அதைக் கொண்டு சென்றிருந்தன. கை கழுவும் பழக்கத்தை வலியுறுத்தும் இயக்கத்துக்கும் தடுப்பு மருந்துக்கும் பிறகே அது அடங்கியது. அந்த அனுபவத்தை மறைக்காமல் கட்டுரையாக வெளியிட்டது அந்நிறுவனம். நம் மருத்துவமனைகளில் அரிதாகக் காணப்படும் துணிச்சல் அது.

அதே நிறுவனத்தின் அருணாலோக் சக்ரவர்த்தியும் சிவப்பிரகாஷ் ருத்ரமூர்த்தியும் இடம்பெற்ற குழு, 2011 ஏப்ரல் முதல் 2012 செப்டம்பர் வரை நாடெங்கும் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்திய ஆய்வே இன்றுவரை இந்நோயின் இந்திய முகத்தைத் தெளிவாகக் காட்டுவது. ரத்தத்தில் கேண்டிடா கலந்த 1,400 பேரில் 74 பேருக்கு ஆரிஸ். அந்த 74 பேரும் ஒரே இடத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். 19 மருத்துவமனைப் பிரிவுகளில் பரவியிருந்தனர். அதாவது ஜப்பான் அதற்குப் பெயர் சூட்டி மூன்றாண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், அது நாட்டின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் ஏற்கெனவே குடியேறிவிட்டிருந்தது. வட இந்திய மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெற்றோருக்கு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. நீண்ட நாள் தங்கியிருத்தல், ரத்த நாளக் குழாய், முன்னரே பூஞ்சை மருந்து உட்கொண்டிருத்தல் ஆகியவையும் காரணங்களாகத் தெரிந்தன. ஒரு செவிலியர் எத்தனை கட்டில்களைக் கவனிக்கிறார் என்பதை வட மாநில அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்று பார்த்தவர்களுக்கு இந்த இரு மடங்கின் ரகசியத்தை விளக்க வேண்டியதில்லை.

கரோனா காலத்தில் நிலை மேலும் மோசமானது. 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை தில்லியில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட 596 கரோனா நோயாளிகளில் 15 பேருக்கு ரத்தத்தில் கேண்டிடா தொற்று ஏற்பட்டது. அவர்களில் 10 பேருக்கு ஆரிஸ். அந்தப் பத்துப் பேரில் ஆறு பேர் இறந்தனர். எனினும், இத்தகைய நோயாளிகளுக்கு ஏற்கெனவே வேறு கடும் நோய்கள் இருப்பதால், ஒவ்வொரு மரணத்துக்கும் பூஞ்சை மட்டுமே காரணம் என்று கூறுவது சரியாகாது.

அந்தமான் கரையில்: மருத்துவமனைக்குள் வருமுன் ஆரிஸ் எங்கே வாழ்ந்தது? இக்கேள்விக்கு முதல் விடை கிடைத்ததும் இந்திய மண்ணில்தான். அனுராதா சௌத்ரி குழுவினர் அந்தமான் தீவுகளின் கடலோரங்களில் மண்ணையும் நீரையும் சேகரித்து ஆராய்ந்தனர். உப்புச் சதுப்பு நிலம் ஒன்றிலும் மணற்கரை ஒன்றிலும் ஆரிஸ் கிடைத்தது. 2021-ல் முடிவு வெளியானது. மணற்கரைக்கு மக்கள் வந்து செல்வர்; அங்கே மனிதர் மூலம் வந்திருக்கலாம். ஆனால் ஆளரவமற்ற சதுப்பு நிலத்தில் கிடைத்தவற்றில் ஒன்று மருந்துக்குக் கட்டுப்பட்டது. அதிக வெப்பத்தில் மெதுவாகவே வளர்ந்தது. மருத்துவமனையைப் பார்த்திராத காட்டு ஆரிஸ் அதுவாக இருக்கக்கூடும்.

பூஞ்சைகளில் பெரும்பாலானவை மனித உடலின் 37 டிகிரி வெப்பத்தில் வாழ இயலாதவை. அதுவே நமக்கு இயற்கை அளித்த அரண். புவி வெப்பமடைவதால் சில பூஞ்சைகள் அந்த வேலியைத் தாண்டக் கற்றுக்கொள்கின்றன, அவற்றில் முதலாவது ஆரிஸ் என்பது ஆர்ட்டுரோ காசடேவால் உள்ளிட்ட விஞ்ஞானிகள் 2019-ல் முன்வைத்த கருத்து. இன்னும் நிறுவப்படாத கருத்துதான். ஆனால் ஒரே காலத்தில் பல கண்டங்களில் ஆரிஸ் தோன்றியதற்கு வேறு நல்ல விளக்கமும் இல்லை.

2022-ல் ஆப்பிள் பழங்களிலும் அது கண்டறியப்பட்டது. தோட்டத்தில் நேரடியாகப் பறித்த பழங்களில் இல்லை. சேமித்து வைக்கப்பட்டு விற்பனைக்கு வந்த பழங்களின் தோலில் இருந்தது. பழம் அழுகாமலிருக்கத் தெளிக்கப்படும் பூஞ்சைக்கொல்லிகள், மருந்துக்கு அடங்காத பூஞ்சைகளை மட்டும் எஞ்சவிடுகின்றனவோ என்ற ஐயம் இதனால் எழுந்துள்ளது. வயலில் தெளிக்கும் மருந்து கிருஷி பவனின் பொறுப்பு. மருத்துவமனையில் ஏற்றும் மருந்து நிர்மாண் பவனின் பொறுப்பு என்று நெடுங்காலமாகப் பிரிந்து கிடந்த கோப்புகள் பூஞ்சையின் உடலில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

யாருடைய பொறுப்பு?: 2010 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் எழுந்த கொந்தளிப்பை அரசியல் பார்வையாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களிடம் காணப்பட்ட நொதி ஒன்றுக்குப் 'புது தில்லி' என்ற பெயர் வைக்கப்பட்டிருந்ததை எதிர்த்து உறுப்பினர்கள் குரல் எழுப்பினர். மருத்துவச் சுற்றுலாவை ஒழிக்க மேலைநாடுகள் செய்யும் சதி என்றும் பேசப்பட்டது. லான்செட் இதழில் வெளியான அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. பெயர் வைத்தது பிழை என்று அந்த இதழின் ஆசிரியரே 2011 ஜனவரியில் வருத்தம் தெரிவித்தார். ஆனால் பெயர் பற்றிய சண்டையில், கட்டுரை சொன்ன செய்தி பின்தள்ளப்பட்டது. ஆரிஸின் பெயரில் எந்த ஊரும் இல்லை. காது மட்டுமே இருக்கிறது. ஆகவே தேசிய கௌரவத்துக்குப் பங்கம் நேரவில்லை.

அந்தக் கொந்தளிப்பால் விளைந்த நன்மைகளும் உண்டு. 2012 ஆகஸ்டில் மருத்துவ அமைப்புகள் கூடி வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' ஆன்டிபயாடிக் மருந்துகளின் பயன்பாட்டை நெறிப்படுத்த வழி சொன்னது. 2017-ல் மத்திய அரசு தேசியச் செயல்திட்டத்தை அறிவித்தது. எனினும் இவற்றின் முதன்மைக் கவனம் பாக்டீரியா மீதே இருந்தது. உலக சுகாதார நிறுவனம் பூஞ்சைகளுக்கெனத் தனி முன்னுரிமைப் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டதே 2022 அக்டோபரில்தான். அதில் மிக ஆபத்தானவை என வகைப்படுத்தப்பட்ட நான்கில் ஒன்று ஆரிஸ்.

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலின் 6-வது இனம். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குத் தொற்று நோய் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலின் 29-வது இனம். ஆரிஸ் இந்த இரண்டுக்கும் இடையே விழுகிறது. மருத்துவமனைச் சுவர்களுக்குள் வாழ்வதால் அது மாநிலத்தின் பொறுப்பு. நோயாளியுடன் ரயிலேறி எல்லை தாண்டுவதால் மத்திய அரசின் பொறுப்பும்கூட. தலைநகரிலோ சிக்கல் மும்மடங்கு. சஃப்தர்ஜங் மருத்துவமனை மத்திய அரசுடையது. லோக் நாயக் மருத்துவமனை தில்லி அரசுடையது. ஹிந்து ராவ் மருத்துவமனை மாநகராட்சியுடையது. உத்தரப் பிரதேசத்திலிருந்தோ பிகாரிலிருந்தோ வரும் நோயாளி இவற்றில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படும்போது அவரது தோலில் உள்ள பூஞ்சையும் மாறுகிறது. பரிசோதனை முடிவும் கூடவே செல்கிறதா என்பது அந்தந்த நாளைய பணி மருத்துவரின் பொறுப்புணர்வைப் பொருத்தது.

தனியார் மருத்துவமனைகளின் தரத்தை வரையறுக்க நாடாளுமன்றம் 2010-ல் இயற்றிய மருத்துவ நிறுவனங்கள் சட்டம், அதை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் மட்டுமே செல்லுபடியாகும். தமிழகம் 1997-லேயே இதற்கெனத் தனிச் சட்டம் கண்டது. சட்டம் இருக்கும் இடங்களிலும், பதிவுச் சான்றிதழ் வழங்குவதோடு பெரும்பாலும் அதன் வேலை முடிந்துவிடுகிறது.

கணக்கெடுப்பு விஷயத்தில் ஒரு முன்னுதாரணம் உள்ளது. கரோனாவின் இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், கருப்புப் பூஞ்சை நோயை 1897-ம் ஆண்டு கொள்ளை நோய்ச் சட்டத்தின் கீழ் அறிவிக்கத்தக்க நோயாக்குமாறு மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தமிழகம் உள்பட மாநிலங்கள் ஆணை பிறப்பித்தன. சில வாரங்களில் நாட்டுக்கு எண்ணிக்கை கிடைத்தது. அதைக் காட்டி மருந்து கேட்க மாநிலங்களால் முடிந்தது. ஆரிஸைப் பொருத்தவரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2013-ல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பில் உள்ள மருத்துவமனைகளின் தரவுகளே பெரிதும் ஆதாரம். அவற்றில் பல பெரிய கல்வி மருத்துவமனைகள். சிறுநகரத் தனியார் தீவிர சிகிச்சைப் பிரிவில் என்ன நடக்கிறது என்பதை அந்த ஜன்னல் வழியே பார்க்க முடியாது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் கணக்கிட்டு அனுப்புவதால், 2022-ல் 2,377 ஆக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2023-ல் 4,514 ஆக உயர்ந்ததை அந்நாட்டு மையத்தால் சொல்ல முடிகிறது.

கணக்கைக் கேட்டால் மருத்துவமனைகள் மறைக்கும் என்பது நுண்ணுயிரியலாளர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தங்கள் கட்டிலில்தான் தொற்று வந்தது என்று ஒப்புக்கொள்ளும் நிர்வாகத்துக்கு இழப்பீட்டு வழக்கும் அவப்பெயரும்தான் பரிசு. ஆகவே கட்டாயம் மட்டும் போதாது. உண்மையைச் சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்ற உறுதியும், மறுபரிசோதனைக்கு மாதிரியை அனுப்ப இலவச வசதியும் சேர்ந்தே வர வேண்டும். மருத்துவப் பூஞ்சைகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையம் சண்டீகரிலேயே இயங்குகிறது. மண்டலத்துக்கு ஒன்றாக இத்தகைய கூடங்களை உருவாக்குவது, எய்ம்ஸ் கட்டடம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டும் செலவுடன் ஒப்பிட்டால் பெரிய தொகையன்று. அடிக்கல் அளவுக்கு அது கண்ணில் படாது என்பதுதான் குறை.

புதிய மருந்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. வாரம் ஒருமுறை ஏற்றக்கூடிய ரெசாஃபன்ஜின் மருந்துக்கு 2023 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி வழங்கியது. அது எக்கினோகேண்டின் வகையிலேயே மற்றொன்று. முற்றிலும் புதிய வழியில் செயல்படும் மருந்துகள் இன்னும் சோதனையில் உள்ளன.

இதற்கிடையே வகைப்பாட்டியல் அறிஞர்கள் 2024-ல் இப்பூஞ்சையை கேண்டிடா என்ற பேரினத்திலிருந்தே பிரித்து, கேண்டிடோசைமா என்ற புதிய பேரினத்தில் சேர்த்துள்ளனர். மரபணு அடிப்படையில் அது சரியான முடிவே. இனி மருத்துவமனை அறிக்கைகளில் சில காலத்துக்கு கேண்டிடா ஆரிஸ் என்றும் கேண்டிடோசைமா ஆரிஸ் என்றும் இரு பெயர்கள் காணப்படும். பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்து எழுதுமாறு பரிசோதனைக் கூடங்களுக்கு நுண்ணுயிரியலாளர்கள் ஆலோசனை கூறி வருகின்றனர். கருவிகளின் பட்டியல்களை இன்னொரு முறை திருத்தியாக வேண்டும்.